குட்டியின் விலையை வைத்து வைத்தியச் செலவை அளக்காதீர்கள்

"குட்டியே எட்டாயிரம்தான் டாக்டர். வைத்தியத்துக்குப் பன்னிரண்டாயிரமா?"

கால்நடை மருத்துவரான என்னிடம் நாய் வளர்ப்பவர்கள் கேட்பது இது. தொகை மட்டும் மாறும், கேள்வி மாறாது. கடைசியாகக் கேட்டது போன வாரம். லேப்ரடார் நாய்க்குட்டி, பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. புரோக்கரிடம் வாங்கி மூன்றாம் நாளே வாந்தி, அப்புறம் ரத்தக்கழிச்சல். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஐந்தாறு நாள் டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், வாந்தி நிற்க ஊசி என்று உத்தேசக் கணக்குச் சொன்னதும் வீட்டுப் பெரியவர் கேட்டது அதைத்தான். கூட வந்தவர் ஒரு படி மேலே போனார்: "இந்தக் காசுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே!"

சரி, வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதே வீடு, அதே தரை. பார்வோ வைரஸ் வெளியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி முடியாத இரண்டாவது குட்டியும் சில நாளில் அதே மேசையில் வந்து படுக்கும். இரண்டு குட்டியின் விலை, அதற்கு மேல் வைத்தியம். இதுதான் நீங்கள் மிச்சம் பிடித்த லட்சணம்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டியின் விலை சந்தை வைத்த விலை. யார் எத்தனை பேர் அந்த இனத்தை வளர்த்து விற்கிறார்கள், இந்த வருடம் எது ஃபேஷன், புரோக்கருக்கு எவ்வளவு கமிஷன், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. லேப் தெருவுக்குத் தெரு ஈனுகிறது, அதனால் 8,000. பிரெஞ்சு புல்டாக் அரிது, அதனால் 50,000, 60,000. உள்ளே இருக்கும் கிட்னிக்கு இந்த விலை தெரியாது. சலைன் பாட்டில் இரண்டு நாய்க்கும் ஒரே விலை. ரத்தப் பரிசோதனைக்கும் ஒரே விலை. நண்பர் வீட்டில் சும்மா கொடுத்த குட்டிக்கும் அதே விலைதான். "சும்மா வந்த நாய்க்கு இவ்வளவு செலவா" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. மருந்துக் கம்பெனிக்காரர் எனக்குச் சும்மா தருவதில்லை.

விலை கூடக் கொடுத்து வாங்கினால் நோய் வராது என்ற நம்பிக்கை இதன் மறுபக்கம். "கே.சி.ஐ. பேப்பர் இருக்கு டாக்டர்" என்று ஃபைலைத் திறந்து காட்டுவார்கள். இந்தியக் கென்னல் கிளப் தரும் அந்தச் சான்றிதழ் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, இதயம் எப்படி என்றெல்லாம் அதில் இருக்காது.

எங்கள் தொழிலில் கணக்கு எல்லாம் எடைக்குத்தான். பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. ஆன்டிபயாட்டிக், மயக்க மருந்து எல்லாம் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். உண்ணிக்கான மாத்திரை எடை வாரியாகத் தனித்தனிப் பெட்டியில் வருகிறது, எடை கூடக் கூட விலையும் கூடும். தடுப்பூசி ஒன்றில்தான் சமத்துவம், பக்குக்கும் கிரேட் டேனுக்கும் அதே 1 மி.லி. ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வளர்ந்தால் எத்தனை கிலோ வரும்?" என்னிடம் இதைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருச்சிப் பக்கம் இன்று இருக்கும் நிலவரத்தைத் தோராயமாகச் சொல்கிறேன். சென்னை, கோவையில் கூடும். 30 கிலோ லேப் ஒரு நாளைக்கு 350 முதல் 400 கிராம் டிரை ஃபுட் சாப்பிடும். மாதம் 11, 12 கிலோ. நடுத்தரமான பிராண்டே 3,500 ரூபாயைத் தொடும். வீட்டுச் சாப்பாடு என்றாலும் கோழி, முட்டை, அரிசி, காய் என்று பார்த்தால் பெரிதாகக் குறையாது. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கலாம் என்பவர்களிடம் நான் பேசுவதில்லை, பலவீனமான எலும்பின் எக்ஸ்ரேயைக் காட்டிவிடுகிறேன். உண்ணி மருந்து, பூச்சி மருந்து, வருடாந்திர ஊசி ஆகியவற்றை மாதத்துக்குப் பிரித்தால் ஒரு 1,000. காது, தோல், ஷாம்பு, என் ஃபீஸ் என்று இன்னொரு 1,000. ஆக மாதம் 5,500. பன்னிரண்டு வருடத்துக்கு 7,92,000 ரூபாய். இதில் நோய் என்று பெரிதாக எதுவும் வரவில்லை என்று கணக்கு.

"அப்போ சின்ன நாயா வாங்கிக்கிறோம்." அடுத்த பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

ஷிட்ஸுவை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த முடி நிற்காமல் வளரும். மாதம் ஒரு தடவை குரூமிங், 1,500. விட்டால் சிக்கு விழுந்து, அதற்கடியில் தோல் அழுகி, மொட்டை அடிக்க என்னிடம் வரும். பிதுங்கிய கண், ஏதாவது உரசினால் புண். சின்ன வாயில் நெருக்கமான பல், ஐந்தாறு வயதுக்குள் காரை ஏறி ஆட ஆரம்பிக்கும். மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும். இவற்றுக்கு மாதம் 700 ஒதுக்குங்கள், ஊசி மருந்துக்கு 600. மொத்தம் 4,000. ஆயுசு பதினாலு வருடம் என்றால் 6,72,000. லேபுக்கு ஆவதில் பாதிகூடக் குறையவில்லை, பாருங்கள். கிரேட் டேனுக்கு மாதம் 9,000 ஆனாலும் அது ஏழெட்டு வருடத்தில் போய்விடும், பாவம். சின்ன நாய் நீண்ட நாள் வாழும். அது வரம்தான், ஆனால் பட்ஜெட்டில் அதையும் சேர்க்க வேண்டும்.

பக், பிரெஞ்சு புல்டாக் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம் வருகிறது. "குறட்டை விடுறான் பாருங்க டாக்டர், க்யூட்டா இல்ல?" இல்லை. அது மூச்சுத் திணறல். மூக்குத் துவாரம் சுருங்கி, உள்நாக்குச் சதை நீண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்குகிறது. நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கும். அந்த வழியே அடைபட்ட நாயைத் திருச்சியில் மே மாதம் மாலை நான்கு மணிக்கு வாக்கிங் கூட்டிப் போனால் என்ன ஆகும்? உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நாக்கு நீலம் பாரித்து வரும். சில பிழைக்கும், சில பிழைக்காது. இந்த இனங்களை வளர்க்க ஏசி கட்டாயம். நாலு மாத கரண்ட் பில்லை நாயின் கணக்கில் எழுதுங்கள். துவாரத்தைப் பெரிதாக்க ஆபரேஷன் தேவைப்படலாம். பிரெஞ்சு புல்டாக் பெரும்பாலும் சிசேரியனில்தான் ஈனும், ஆகவே "குட்டி போட்டு வித்துப் போட்ட காசை எடுத்துடலாம்" என்ற கணக்கும் அதோடு சரி. வெளிநாட்டுக்கு மாற்றல் வரக்கூடிய வேலை என்றால் இன்னொன்று: பல விமான நிறுவனங்கள் சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றாது.

ஹஸ்கி சைபீரியக் குளிருக்கான நாய். அதற்கும் ஏசி. வெயிலுக்கு என்று மொட்டை மட்டும் அடிக்காதீர்கள், அந்த இரட்டை முடி வெயிலையும் தடுக்கிறது.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பலருக்கும் தெரியும். கணையம் செரிமான என்சைம் சுரக்காமல் போகும் நோய் பற்றி யாரும் சொல்வதில்லை. எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலுமாக இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் என்சைம் கலந்து கொடுக்க வேண்டும். டாபர்மேனுக்கு இதயம் விரிந்து பலவீனமாகும், தினமும் மாத்திரை. டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டு விலகும். கிரேட் டேனுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன். இரவு பதினோரு மணிக்கு எங்கே ஆபரேஷன் தியேட்டர் திறந்திருக்கும் என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். லேபுக்கு எடைதான் வினை. நாலில் ஒரு லேபுக்குப் பசி அடங்காததற்கு மரபணுக் குறையே காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். அது கெஞ்சுவதைப் பார்த்துப் பிஸ்கட் போட்டுக்கொண்டே இருந்தால் முழங்கால் ஜவ்வு அறுந்து நிற்கும், அந்த ஆபரேஷன் பெரிய ஊர்களில் அரை லட்சத்தைத் தாண்டலாம்.

இன்னொரு எரிச்சல், கால்சியம் சிரப். பெரிய இனக் குட்டிக்குத் தரமான குட்டி உணவு போட்டுக்கொண்டே, கடைக்காரர் சொன்னார் என்று மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். அளவு மிஞ்சிய கால்சியம் அதே எலும்பைக் கெடுக்கும். காசும் போய் காலும் போகும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு இனங்கள் எல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. முடி குட்டை, குரூமிங் வேண்டாம், ஏசி வேண்டாம். செலவு நிச்சயம் குறைவு. ஆனால் அவை ஓடப் பிறந்தவை. இரண்டாம் மாடி ஃபிளாட்டில் கட்டிப் போட்டால் சோபா கிழியும், அப்புறம் மனிதர்கள் கிழிவார்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

"நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது டாக்டர்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பார்வோவும் ரேபிஸும் இனம் பார்ப்பதில்லை. உண்ணிக் காய்ச்சலும் அப்படியே. அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை 28 நாள் என்று எழுதிக் கொடுத்தால் ஐந்தாம் நாள் நாய் சாப்பிட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மூக்கில் ரத்தத்தோடு வரும். அப்போது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதலபாதாளத்தில் இருக்கும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது அது.

உண்ணிக்குப் பூச்சிக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். வயலுக்கு அடிப்பதை நாய்க்கு அடித்தால் அது நக்கிவிட்டு வலிப்போடுதான் வரும். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை கொடுப்பதும் அதே ரகம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் இரண்டும் நாயின் குடலில் ரத்தம் கசியவைக்கும், கிட்னியைக் கெடுக்கும். என் ஃபீஸ் 300 ரூபாயை மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறீர்கள்.

பெண் நாய் வைத்திருப்பவர்கள் கருத்தடை ஆபரேஷனை ஒத்திப் போடாதீர்கள். வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்து அவசரமாக வயிற்றைத் திறந்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படியே தவறு. "முப்பது நாள் குட்டி, அப்போதான் பழகும்" என்று சொல்பவரிடமிருந்து நடையைக் கட்டுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லையென்றால் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து பதினாறு வாரம் வரை. ஒரே ஊசி போட்டு "முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம்.

பணம் குறைவாக இருப்பது குற்றமில்லை. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி இலவச ரேபிஸ் ஊசி முகாம்கள் நடக்கும், அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். பெரிய ஆபரேஷன், ஸ்கேன் என்றால் ஒரத்தநாடு, நாமக்கல், சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிட மிகக் குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருங்கள். நாய் வந்த மாதமே அதன் பேரைச் சொல்லி மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். மூன்று வருடத்தில் 36,000, வட்டி தனி. அந்த 1,000 கையைக் கடிக்கிறது என்றால், தயவுசெய்து இப்போது நாய் வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லிப் புரியவையுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இனத்தை முடிவு செய்யும் முன் பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் ஒரு நடை போய்ப் பேசுங்கள். உங்கள் ஊரில் அந்த இனம் என்ன நோயோடு வருகிறது என்பது விற்பவரைவிட அவருக்குத்தான் தெரியும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று: ஊசி முடியாத குட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுவரும்போது தரையில் விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள். முந்தின நாள் அதே இடத்தில் பார்வோ நாய் படுத்திருக்கும்.