அகதி: கதியற்றவரா, புகல் தேடியவரா?

அகதி என்பதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்துப் புழங்குகிறோம். அது வடசொல். ‘கதி’ என்றால் போக்கு, வழி, புகல். ‘நீயே கதி’ என்று ஒருவரிடம் போய் விழுகிறோமே, அந்தக் கதிதான். அப்படிப் போய் விழ ஆளில்லாதவர் அகதி. திக்கற்றவர் எவரையும் முன்பு இப்படிச் சொல்லலாம். அவர் எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

இப்போது அந்த இடத்தில் ஆங்கிலம் வைத்திருக்கும் ‘ரெஃப்யூஜி’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு ஓர் அரசாணைதான் காரணம். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளுக்கு 1598-இல் நாண்ட் ஆணை வழிபாட்டு உரிமை கொடுத்திருந்தது. 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். கத்தோலிக்கத்துக்கு மாற மறுக்கும் போதகர்கள் 15 நாளில் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது, பிடிபட்டால் ஆண்கள் போர்க் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டும். இருக்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. இருந்தும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டுத் தறி போட்ட இவர்களைக் குறிக்கத்தான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. அதன் நேர்ப்பொருள் ‘புகலிடம் தேடிக்கொண்டவர்’. ஒரே ஆள்தான், ஒரு மொழி அவருக்குக் கிடைத்ததைச் சொல்கிறது, நம் மொழியில் நிலைத்த சொல் இல்லாததைச் சொல்கிறது.

அப்புறம் முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் வந்தன. வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த ரஷ்யர்களின் குடியுரிமையை 1921 இறுதியில் சோவியத் அரசு பறித்தது. காகிதம் இல்லாத மனிதனை எந்த எல்லையும் உள்ளே விடாது. நார்வேயின் துருவப் பயணி ஃபிரித்ஜோஃப் நான்சென், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் சார்பில் 1922-இல் ஒரு பயணச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்தார். பிறகு அதில் நான்சென் முகம் பதித்த, ஐந்து தங்க பிராங்க் மதிப்புள்ள முத்திரை வில்லையும் ஒட்டினார்கள். ஆரம்பத்தில் அதில் ஒரு வேடிக்கை: அதை வைத்து ஒரு நாட்டைவிட்டுப் போகலாம், ஆனால் கொடுத்த நாடே திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்ற உறுதி இல்லை.

சட்டப் பொருள் 1951-இல் ஜெனீவா உடன்படிக்கையில் உறுதியானது. இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்துடன் அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. இந்தப் பட்டியலில் ‘போர்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் 1969-இல் தங்களுக்கென ஓர் உடன்படிக்கை செய்தபோதுதான் அந்நியப் படையெடுப்பும் ஆக்கிரமிப்பும் காரணங்களாகச் சேர்ந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஏதிலி’ என்கிறார்கள். ‘ஏதும் இல்லாதவர்’ என்று பிரித்துப் பொருள் சொல்வதும் உண்டு. பழைய வழக்கு வேறு. ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்’ என்ற குறளில் (190) ஏதிலார் வறியவர் அல்ல, அயலார். ஆக, ஏதிலி என்பது வந்தவரை ஊர்க்காரர் பார்க்கும் பார்வை. எனக்கு அது பிடிக்கிறது. உண்மை நிலவரத்தை ஒளிக்காமல் சொல்கிறது. நேர்ப்பொருளே வேண்டுமென்றால் ‘அடைக்கலம் புகுந்தோர்’ இருக்கிறது, கொஞ்சம் நீளம். விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் ‘புகலிடம் கோருவோர்’.

புலம்பெயர்ந்தோர் என்பதை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ புகார் நகருக்கு வணிகம் செய்ய வந்து கலந்து இனிதாக வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை. துரத்தப்பட்டும் எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைபவர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். 1951 உடன்படிக்கை இவரைத் தொடவே இல்லை.