ஈரப்பதனா, ஈரலிப்பா?

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் பெரும்போக நெல் வெட்டி முடிகிற நாட்களில் எந்தப் பக்கம் போனாலும் காதில் விழுகிற பேச்சு, "ஈரம் கூட, இன்னும் ஒருநாள் காயப்போடுங்கோ" என்பதுதான். நெல் சந்தைப்படுத்தல் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சரி, அந்த 14 எதன் அளவு? ஈரப்பதன் என்கிறார்கள், ஈரப்பதம் என்கிறார்கள், வீட்டில் ஈரலிப்பு என்கிறோம்.

முதல் இரண்டும் ஒரே சொல். அறம் அறன் ஆவது, நிலம் நிலன் ஆவது போலத்தான் பதம் பதன் ஆனது. பாகு பதம், "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும்போது வருகிற அதே பதம், அதாவது ஒரு பொருள் இருக்கிற நிலை.

ஆனால் பள்ளிக்கூடத்திலும் வானிலை அறிக்கையிலும் ஈரப்பதன் காற்றுக்கு உரியது. சாரீரப்பதன் 80 சதவீதம் என்றால் காற்றில் 80 பங்கு தண்ணீர் என்று பொருளில்லை, அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் 80 சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே. நெல்லில் 14 என்றால் 100 கிலோவில் 14 கிலோ உண்மையாகவே தண்ணீர். இரண்டு வேறு கணக்குக்கு ஒரே சொல் என்றால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

அதனால் நெல் போன்ற பொருட்களுக்கு நம்முடைய ஈரலிப்புதான் பொருத்தம் என்பேன். ஈரம், ஈரலித்தல், ஈரலிப்பு. மாரியில் "உப்பு ஈரலிச்சுப் போச்சு" என்கிறோமே, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, பொருளுக்குள் ஏறியிருக்கும். கருவாடு, கோதுமை மா, பலகை எல்லாவற்றுக்கும் ஈரலிப்பளவு என்று சொல்லலாம்.

அளக்கும் முறை எளிது: நிறுத்து, 105 பாகை செல்சியஸ் அளவில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, திரும்ப நிறுக்க வேண்டும். 100 கிராம் 80 ஆனால் போனது 20. தானியக்காரர் அதை முதல் எடையால் வகுத்து 20 சதவீதம் என்பார், மரக்காரர் உலர்ந்த எடையால் வகுத்து 25 என்பார், பச்சை மரத்துக்கு 100க்கு மேலும் வரும். ஆகவே எந்த எடையால் வகுத்தது என்று கேட்காமல் எண்ணை நம்பக்கூடாது.

லொறியடியில் நெல்லின் ஈரம் பார்க்கிற மீற்றர் என்கிற கருவி தண்ணீரை நிறுப்பதில்லை, நெல்லின் மின்தன்மையை வைத்துக் கணிக்கிறது. ஈரமானி என்றால் காற்றை அளப்பதாகிவிடும், அதை ஈரலிப்புமானி என்போம். அப்புறம் ஒன்று, 20 காட்டுகிற 100 கிலோ நெல்லைக் காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 94 கிலோ அல்ல, 93தான்; மூட்டை குறைந்துபோனதென்று யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.