கரண்ட் போய் வந்ததும் ஸ்விட்ச் பழுது என்று சொல்லாதீர்கள்

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் நன்றாக இருக்க, அதைப் பழுது என்று சொல்வது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. அதனால்தான் வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கல்முனையில் ஒரு விற்பனை நிறுவனம். இரவு மழையோடு போன கரண்ட் விடியப்புறம்தான் வந்திருக்கிறது. காலை எட்டரைக்கு முகாமையாளர் அழைத்தார். "சேர், ஸ்விட்ச் எரிஞ்சிட்டு. புதுசு எடுக்கச் சொல்றாங்க, எந்த மொடல் எடுக்க?" ஒன்றும் வாங்க வேண்டாம், நான் வரும்வரை யாரும் கை வைக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டேன். கல்லடிப் பாலம் தாண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். வழி முழுக்க மழை.

போய்ப் பார்த்தால் ராக்கில் இருந்த சிஸ்கோ 2960 பச்சை லைட்டோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. எரிந்துபோன ஸ்விட்ச் இப்படி இருக்காது. ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச உதவும் கொன்சோல் கேபிளைச் செருகி விலான் பட்டியலை எடுத்தேன். ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பதுதான் விலான். கணக்குப் பகுதி, கமரா, தொலைபேசி என்று மூன்று விலானும் பெயரோடு அப்படியே இருந்தன. ஆனால் அவற்றில் ஒரு போர்ட்கூட, அதாவது கேபிள் செருகும் வாய்கூட, இல்லை. எல்லாம் ஸ்விட்ச் தானாக வைத்திருக்கும் விலான் 1 இல் வந்து கிடந்தன. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வேலையைச் செய்த தம்பி பக்கத்தில்தான் நின்றான். கெட்டிக்காரன், கேபிள் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்தாலே தெரியும். "செட் பண்ணினதைச் சேமிச்சியா?" என்று கேட்டேன். "அண்ணன், மூணு மாசமா நல்லா வேலை செய்ததுதானே" என்றான். பிறகு யோசித்துவிட்டு, "சேமிக்காம விட்டிருந்தா விலானும் போயிருக்கணுமே, அது இருக்குதானே?" என்றான்.

நல்ல கேள்வி. பலரை ஏமாற்றுவதும் இதுதான். இந்த வகை ஸ்விட்ச்சில் நாம் உருவாக்கும் சாதாரண விலான்கள் கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷில் விலான்.டாட் என்ற தனிக் கோப்பில் போய் உடனே உட்கார்ந்துவிடும். அதற்கு நாம் சேமிக்கத் தேவையில்லை. எந்தப் போர்ட் எந்த விலானில், எது ட்ரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) என்பதெல்லாம் ரன்னிங் கொன்ஃபிக்கில், அதாவது இப்போது நடப்பில் உள்ள அமைப்பில், இருக்கும். அது ராமில் இருக்கும். கரண்ட் போனால் ராமில் உள்ளது போகும். ஆகவே விலான் பெயர்கள் மிஞ்சும், போர்ட்கள் தொலையும். இதைப் பார்த்துவிட்டு "கொன்ஃபிக் இருக்கு, போர்ட்தான் செத்துட்டு" என்று முடிவு கட்டி நல்ல ஸ்விட்ச்சைக் கழற்றி வீசியவர்களை நான் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் காசு அது.

தயவுசெய்து இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டளை அடித்து என்டர் தட்டியதும் ஸ்விட்ச் அதன்படி நடக்கத் தொடங்கும். நடப்பது வேறு, நினைவில் நிற்பது வேறு. மூன்று மாதம் நடந்தாலும், மூன்று வருடம் நடந்தாலும், ஸ்விட்ச் எழும்பும்போது படிக்கும் ஸ்டார்ட்டப் கொன்ஃபிக்கில் எழுதாதவரை அது அடுத்த கரண்ட் வெட்டு வரைக்கும்தான். எத்தனை காலம் ஓடியது என்பது சேமித்ததற்குச் சாட்சி இல்லை. இன்னும் சொன்னால், நீண்ட நாள் அணையாமல் ஓடிய பெட்டியில்தான் எனக்குப் பயம் அதிகம். அதற்குள் எத்தனை பேருடைய சேமிக்காத வேலை கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் மிக்ரோட்டிக் என்ற வேறு நிறுவனத்துப் பெட்டியில் கை பழகியவர்கள். அதில் ஒரு மாற்றம் செய்த உடனேயே அது சேமிக்கப்பட்டுவிடும், தனிக் கட்டளை கிடையாது. அதே கை சிஸ்கோவுக்குப் போகும்போது சேமிக்க மறக்கிறது. சிஸ்கோவில் கொப்பி ரன்னிங்-கொன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கொன்ஃபிக், அல்லது சுருக்கமாக ரைட் மெமரி என்று அடிக்க வேண்டும். ஹுவாவி பெட்டியில் சேவ் கட்டளை. ஜூனிப்பர் பெட்டியில் கொமிட் கட்டளை கொடுக்காமல் எதுவும் நடைமுறைக்கே வராது. புதுப் பெட்டி கையில் வந்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இது எங்கே, எப்போது சேமிக்கிறது?

அடுத்தவர் விட்டுப்போன பெட்டியைத் திறந்தால் ரன்னிங் கொன்ஃபிக்கின் தலைப்பகுதியைப் பாருங்கள். கடைசியாக மாற்றியது எப்போது, கடைசியாகச் சேமித்தது எப்போது என்று இரண்டு வரிகள் இருக்கும். மாற்றியது பிந்தியும் சேமித்தது முந்தியும் இருந்தால் விஷயம் வெளிச்சம். ஆனால் நேரம் சரியாக இருந்தால்தான் அந்த வரிகளுக்கு அர்த்தம். நேரம் அமைக்காத 2960 ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் 1993 மார்ச் 1 இலிருந்துதான் எண்ணத் தொடங்கும். நேரத்தை வலைவழி தானாகச் சரிசெய்யும் என்டிபி போடுவது இரண்டு நிமிட வேலை, போட்டுவிடுங்கள்.

அப்புறம், தூரத்திலிருந்து மாற்றம் செய்பவர்களுக்கு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு பொத்துவில் கிளையின் ட்ரங்கில் கை வைக்கிறீர்கள். புதிதாக விலான் 30 ஐச் சேர்க்க வேண்டும். ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30 என்று அடிக்கிறீர்கள். "அட்" (சேர்) என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். அவ்வளவுதான். முன்பு இருந்த விலான்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும், 30 மட்டும் நிற்கும். நீங்கள் உள்ளே வந்த பாதையும் சேர்ந்து போய்விடும். இனி நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏற வேண்டியதுதான்.

இதற்குத்தான் ரீலோட் இன் 10 என்ற கட்டளை இருக்கிறது. மாற்றத்தைத் தொடுவதற்கு முன் அடியுங்கள். இடையில் தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் பெட்டி தானாக எழும்பிப் பழைய கொன்ஃபிக்குக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் ரீலோட் கான்சல் அடித்துவிட்டுச் சேமியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்களுக்கு முன் வந்தவர் சேமிக்காமல் விட்ட வேலை அதில் இருந்தால், அதுவும் அந்த ரீலோடோடு போகும். ஆகவே முதலில் இரண்டு கொன்ஃபிக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இருப்பதைச் சேமியுங்கள், பிறகு ரீலோட் நேரம் வையுங்கள், அதன் பிறகே மாற்றம். ஜூனிப்பரில் கொமிட் கன்ஃபேர்ம்ட் இதே வேலையைச் செய்யும், நேரம் குறிப்பிடாவிட்டால் பத்து நிமிடம். மிக்ரோட்டிக்கில் இதற்குச் சேஃப் மோட் இருக்கிறது. ஆனால் அது கடைசி நூறு செயல்களைத்தான் நினைவில் வைக்கும், அதைத் தாண்டினால் தானாகவே சேஃப் மோடிலிருந்து வெளியே வந்துவிடும். நூறு வரியை ஒரேயடியாக ஒட்டாதீர்கள்.

சேமித்த கொன்ஃபிக்கின் ஒரு பிரதியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். உண்மையாகவே இடி விழுந்து பெட்டி போனால் அன்று உதவுவது அது ஒன்றுதான். கல்முனையில் அப்படி ஒரு பிரதி இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இல்லாததால் ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துப் போய், எது கமரா, எது போன் என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டு வர மத்தியானம் இரண்டரை ஆகிவிட்டது. அதுவரை கடையில் பில் கையால் எழுதினார்கள். யூபிஎஸ் பற்றரியும் செத்துக் கிடந்தது, அது அவர்கள் பொறுப்பு, அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பியை நான் ஏசவில்லை. அவனிடம் யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவன் கையாலேயே ரைட் மெமரி அடிக்கச் சொன்னேன். பிறகு ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு போர்ட்டும் தன் விலானுக்கே திரும்பி வந்ததை நின்று பார்த்தான்.

நேற்று இரவு அழைத்தான். தான் செய்த எட்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்திருக்கிறான். மூன்றில் சேமிக்காமல் கிடந்ததாம், சேமித்துவிட்டு வந்தானாம். கார்த்திகை மழை பிடிக்க முன்னம் நீங்களும் உங்கள் இடங்களை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடுங்கள்.