எதிராளி வரும் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா வீடு. தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். இரவு ஒரு மணிக்கு அக்கா மகன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவருக்கு ஒருவர் மோதும் சண்டை கேம். மூன்று நிமிடமாகத் திரையில் வட்டம் சுற்றுகிறது, எதிராளி வரவில்லை. "ஆளே இல்ல மாமா" என்று தேடலை ரத்து செய்துவிட்டு மறுபடி அழுத்தினான். அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது மாலையில் மண்டபத்தில் பூப்பந்து ஆடுவோம். ஒற்றையர் ஆட்டத்துக்கு யாரை யாரோடு விடுவது என்று மூத்த அண்ணன் ஒருவர் சொல்வார். எங்கள் ஒவ்வொருவர் கையும் அவருக்கு அத்துப்படி. கேமில் ஜோடி சேர்க்கும் சர்வருக்கு நம் கை தெரியாது, நம் திறமையைக் குறிக்கும் ஓர் எண்தான் தெரியும். அந்த எண்ணுக்கு வழி காட்டியவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். சதுரங்கத்துக்காக அவர் வகுத்த முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு 1960லும் உலகக் கூட்டமைப்பு 1970லும் ஏற்றன. இன்றைய கேம்களில் பலவும் அதன் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகின்றன.

அதன் கணக்கில், இருவர் எண்ணும் சமமென்றால் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவருக்கு 76 சதவீதம். 400 என்றால் 91. ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருவர் சறுக்கினால் மற்றவர்கள் தாங்குவார்கள். தனி ஆட்டத்தில் தாங்க ஆள் கிடையாது, வித்தியாசம் முழுவதும் ஒரே ஆள் தலையில் விழும். அதனால்தான் சர்வர் முதலில் உங்களுக்கு மிக அருகில் உள்ள எண்களை மட்டும் தேடுகிறது.

சரி, அப்படிப்பட்ட ஒருவர் சராசரியாக 30 வினாடிக்கு ஒருவர் வீதம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. இரவு ஒரு மணிக்குக் கூட்டம் கால் பங்காகிறது. சராசரி இரண்டு நிமிடமாகிறது, ஆனால் இரண்டு நிமிடம் தாண்டும் வாய்ப்பு 37 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. சராசரி நான்கு மடங்கு, எரிச்சல் இருபது மடங்கு! தரவரிசை ஆட்டம், சும்மா ஆட்டம், புதிய முறை என்று ஒரே கூட்டத்தை நான்காகப் பிரித்தாலும் இதே கதிதான். புது முறைகளை அடுக்கிக்கொண்டே போகும் கேம்கள் மேல் எனக்கு உள்ள கோபம் இதுதான்.

இன்னொன்று, மனசு ஏற்க மறுப்பது. ஆட்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் வருவதால், நீங்கள் மூன்று நிமிடம் காத்திருந்தது அடுத்தவருக்குத் தெரியாது. இனி காக்க வேண்டிய சராசரி நேரம் இம்மியும் குறையவில்லை. காத்திருப்புக்குப் பலன் தருவது சர்வர்தான். பல கேம்களில் நேரம் ஆக ஆகத் தேடும் எல்லையை அது விரிக்கும். முதலில் 50 புள்ளி, அப்புறம் 100, அப்புறம் 200 என்பதுபோல. ரத்து செய்து மறுபடி அழுத்தினால் விரிந்த எல்லை பழையபடி சுருங்கிவிடும்.

தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் எல்லாரும் வந்த பிறகுதான் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஆளுக்கு ஒரு மர வரிசையாக நிரை பிரிப்பார். சில சர்வர்களும் அப்படித்தான், வந்தவுடன் ஜோடி சேர்க்காமல் சில வினாடி ஆள் சேரவிட்டுப் பொருத்தமாகப் பிரிக்கின்றன.

எல்லை புள்ளியில் மட்டும் விரிவதில்லை, தூரத்திலும் விரியும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், போய்வர 5 மில்லிவினாடி. தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கு மேல், போய்வர 50ஐத் தாண்டும். கேபிள் வளைந்து போவதும் நடுவில் உள்ள கருவிகளும் இதற்கு மேல். வினாடிக்கு 60 படம் ஓடும் கேமில் 50 மில்லிவினாடி என்பது மூன்று படம். குத்தைத் தடுப்பதா வாங்குவதா என்பது அதற்குள் முடிந்துவிடும். எவ்வளவு வேகமான இணையம் போட்டாலும் ஒளியை முந்த முடியாது.

மேலே ஏற ஏறக் காத்திருப்பும் கூடும். நடுத்தர எண்களில்தான் கூட்டம், உச்சியில் சிலரே. அக்கா மகன் இந்த ஆண்டு நன்றாக ஏறியிருக்கிறான், அதற்கான விலையும் இது.

இரண்டாவது முறை அவனை ரத்து செய்ய விடவில்லை. நான்காவது நிமிடத்தில் ஆள் கிடைத்தது, அவனைவிட 180 புள்ளி மேலே. "போச்சு" என்றான். எலோ கணக்கில் வாய்ப்பு 26 சதவீதம். ஓர் ஆட்டத்தில் எண் எவ்வளவு நகரும் என்பதை ஒரு பெருக்கெண் முடிவு செய்யும். சதுரங்கத்தில் பலருக்கும் உள்ள 20ஐ வைத்துப் பார்த்தால், தோற்றால் போவது 5 புள்ளி, ஜெயித்தால் வருவது 15. அதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.