கேமரா இருந்தது, காட்சி இல்லை

2020 ஜூனில் தந்தையும் மகனும் தாக்கப்பட்ட சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டுபிடித்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை, கழிப்பறை வாசல் என எங்கும் ஒலியோடு பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வழியில்லையென்றால் குறைந்தது ஓராண்டு.

கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிபி எடுக்கும். 12 கேமராவுக்கு 1 டெராபைட் நான்கு நாள்கூடத் தாங்காது. 18 மாதத்துக்குச் சுமார் 142 டெராபைட் வேண்டும். எச்.265 முறையில் சுருக்கினால் ஏறக்குறைய பாதி. டிஸ்க் நிறைந்ததும் ரெக்கார்டர் பழையதன்மேல் எழுதத் தொடங்கும். அழிக்க யாரும் கை வைக்கவே வேண்டாம். இடத்தை மிச்சம் பிடிக்க, அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும்படி வைப்பதும் உண்டு. லாக்கப்பில் அது கூடவே கூடாது. அடிபட்டு அசையாமல் கிடப்பவர் பதிவாகமாட்டார்.

ரெக்கார்டரின் சின்ன பேட்டரி தீர்ந்தால், மின்தடைக்குப் பின் கடிகாரம் வேறு ஏதோ ஆண்டுக்குத் தாவிவிடும். பிறகு, நிலையத்தில் நடப்பதை அன்றாடம் எழுதிவைக்கும் பொது நாட்குறிப்போடு நேரம் பொருந்தாது. காட்சியை நகலெடுத்த உடனே ஹாஷ் எண் எடுக்க வேண்டும்; அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழே அதைக் கேட்கிறது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும்.

இத்தனைக்கும் ரெக்கார்டர் பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு நிலைய அதிகாரியிடம்தான். யாரைக் கண்காணிக்கிறோமோ அவர் கையிலேயே சாவி! பெட்டி நிமிடத்துக்கொரு முறை வெளியே ஒரு சர்வருக்கு ‘ஓடுகிறேன்’ என்று சமிக்ஞை அனுப்பினால், அது நின்ற நிமிடமே பழுதுக்குச் சாட்சியாகிவிடும். கேமரா அணைந்தால் மனிதத் தலையீடின்றிக் காட்டிக்கொடுக்கும் கட்டுப்பாட்டு அறையைப் பற்றி 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் பேசியது.

நிலையத்தில் அடி விழுந்தால் குடும்பத்தார் காத்திருக்கக் கூடாது. தேதி, நேரம், அறை குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அன்றே மனு போட வேண்டும்.

நிலையத்துக்கு வெளியே நடப்பதற்கு இது எதுவும் உதவாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அடிக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தது, மறைவில் நின்று ஒருவர் எடுத்த கைப்பேசிக் காட்சி.