மேஸ்திரி வில்லங்கம் போட முடியுமா?

இந்தப் பயத்தோடு இந்த மாதத்தில் என்னிடம் வரும் மூன்றாவது ஆள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மாடிக்குத் தட்டோடு பதிக்கவும், ஓதம் ஏறிய சுவர்களைக் கொத்திப் பூசவும் 3,80,000 ரூபாய்க்குப் பேசி, 3,00,000 கொடுத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கே மாடி ஒழுகியது. "ஒழுகலைச் சரிசெய்யுங்கள், மீதியைத் தருகிறேன்" என்றார். ஒப்பந்தக்காரரோ கூடுதல் வேலை என்று 1,40,000 ரூபாய்க்கு பில் நீட்டி, "பணம் வராவிட்டால் வீட்டின் மேல் வில்லங்கம் போட்டுவிடுவேன், விற்கவே முடியாது" என்று மிரட்டினார். பயந்துபோன ஆசிரியர், 'பாதுகாப்புக்காக' என்று கேட்கப்பட்ட காசோலையில் தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். காசோலை திரும்பி, வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்து பதின்மூன்றாம் நாள்தான் என்னிடம் வருகிறார்.

அவருடைய பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது அமெரிக்காவில் இருக்கும் மகன். அங்கே, வேலை செய்த ஒப்பந்தக்காரர் கூலி வராவிட்டால் அந்த வீட்டின் மீதே பற்றுரிமையை (பாக்கி தீரும்வரை சொத்தின் மேல் இருக்கும் உரிமை) பதிவு செய்ய மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. அந்தச் சட்டம் இன்னும் கடலூருக்குக் கப்பல் ஏறவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். வில்லங்கச் சான்றில் ஒப்பந்தக்காரர் பெயர் ஏற வேண்டுமானால், நீங்கள் கையெழுத்திட்டுப் பதிந்த பத்திரம் வேண்டும். அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். பில்லைத் தூக்கிக்கொண்டு சார்பதிவாளரிடம் போனால் வில்லங்கம் ஆகிவிடாது. வழக்குப் போட்ட மறுநாளே வீடு ஜப்தியாகிவிடுமா? ஆகாது. தீர்ப்புக்கு முன்பே பற்றுகை (ஜப்தி) வேண்டுமென்றால், பணம் தராமல் தப்பிக்கவே நீங்கள் சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறீர்கள் என்று அவர் காட்ட வேண்டும். அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 38, விதி 5. ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக்கிக்கொள்ள அந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே சொல்லிவிட்டது. அவர் வழக்கில் வென்று, அப்போதும் நீங்கள் கட்டாமல் இருந்தால் வீட்டுக்கு ஆபத்துதான். அது வேறு கதை.

(தச்சர் பட்டறையில் செய்யக் கொடுத்த உங்கள் கதவு, சன்னல்களை மட்டும் கூலி வரும்வரை அவர் பிடித்து வைக்கலாம். ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170. கதவுக்குத்தான் அது, வீட்டுக்கு அல்ல.)

இல்லாத வில்லங்கத்துக்குப் பயந்து, உண்மையான வில்லங்கத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்களே, அதுதான் எரிச்சல். காசோலையில் கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை யார் நிரப்பியிருந்தாலும் கடன் இருப்பதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-இன்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டுக்காரர்களே, நீங்களும் யோக்கியமாக இருங்கள். ஒரு டைல் விரிசல் விட்டதற்காக மொத்தப் பாக்கியையும் நிறுத்துவது நியாயமில்லை. நியாயமான தொகையை வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு, குறைகளைப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். கொத்தி எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். வேறொரு பொறியாளரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரருடைய சாரத்தையும் கலவை இயந்திரத்தையும் பூட்டி வைக்காதீர்கள், புகார் உங்கள் மேல் திரும்பும். மோசமான வேலைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பேசித் தீர்க்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

நோட்டீஸ் வந்துவிட்டதா? காசோலைப் பணத்தைக் கட்ட, கையில் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள்தான். தயவுசெய்து மூன்றாம் நாளே வாருங்கள். உறையைக் கிழித்து எறியாமல் கொண்டுவாருங்கள். தபால் முத்திரை அதன் மேல்தான் இருக்கிறது.