சிலையாகத் தெரிந்த ஓவியம்

ஸ்பெயினின் செவில் நகரத்துச் சான் பாப்லோ மடத்துக்காக ஓவியர் பிரான்சிஸ்கோ தெ சுர்பரான் 1627இல் சிலுவையில் தொங்கும் இயேசுவை வரைந்தார். உயரம் சுமார் 290 செ.மீ., அகலம் 165 செ.மீ. அது மாட்டப்பட்ட மடத்துச் சிற்றாலயத்தில் வெளிச்சம் குறைவு. கம்பி அழிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அதை மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவைச் சிலை, என்றே நம்பியதாக, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய பலோமினோ 1724இல் குறித்தார். ஓவியம் இப்போது சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தட்டையா திரட்சியா என்பதை நமக்குச் சொல்வது, இரு கண்களும் பார்க்கும் கோணத்தில் உள்ள வேறுபாடு. தூரம் இரட்டித்தால் அது கால் பங்காகிவிடும். இருட்டில் அதை அளக்கும் திறனும் மங்கும். பிறகு மூளைக்குக் கிடைக்கும் முக்கியச் சாட்சி நிழல். சுர்பரான் ஒளியை வலப்புறத்திலிருந்து விழவைத்தார். ஆலயச் சன்னல்களும் அதே பக்கம். வானமோ மண்ணோ கூட்டமோ இல்லாத கரும்பின்னணி, ஓவியத் துணி எங்கே முடிகிறது என்பதை மறைத்துவிடுகிறது. ஒளிபட்ட விளிம்பு கூர்மையாக நிற்க, நிழல் பக்கத்து விளிம்பு கருமையில் கரைகிறது. அந்தக் கரைந்த விளிம்பில்தான் முழு வித்தையும் இருக்கிறது: உடல் அதற்கப்பாலும் வளைந்து போவதாக மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

இதற்குத் தோதான பூச்சு முறை செவிலில் இருந்தது. முதலில் துணிக்கு, தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை. இல்லாவிட்டால் எண்ணெய் நூலில் ஊறி அதை மக்கச் செய்யும். அதன்மேல் ஆற்றுக் களிமண்ணை அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழுப்புப் பூச்சு. நிழலின் நிறம் அடியிலேயே கிடைத்துவிடுவதால், ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலான இடைநிழலுக்கு மெல்லிய பூச்சே போதும். கெட்டியாக ஏற்றவேண்டியது இடைத்துணி போன்ற வெளிச்சங்களுக்கு மட்டும்.

அந்த வெண்மைக்கு ஈய வெள்ளை. ஈயச் சுருளை மண்கலயத்தில் வினிகருக்கு மேலே தொங்கவிட்டு, சுற்றிலும் குதிரைச் சாணம் குவிப்பார்கள். சாணத்தின் சூடும் கரியமில வாயுவும் சேர்ந்து வாரக்கணக்கில் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொருக்கை உண்டாக்கும். அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, ஏறத்தாழ 2.0, புதிய ஆளிவிதை எண்ணெய்க்கு 1.48. இந்த இடைவெளிதான் ஒளியைச் சிதறடித்து வெண்மை தருகிறது. சுண்ணாம்புத் தூளுக்கு 1.6தான், எண்ணெயில் கலந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

காலப்போக்கில் கெடுவதும் இந்தக் கணக்கால்தான். நூற்றாண்டுகளில் எண்ணெயின் எண் 1.57 வரை உயரலாம். ஈயமும் எண்ணெயின் கொழுப்பமிலங்களும் சேர்ந்து சோப்பாக மாறி வெள்ளையை மேலும் ஊடுருவவிடும். அப்போது மெல்லிய இடைநிழல்களில் அடிப்பூச்சின் பழுப்பு மேலெழுகிறது; கெட்டி வெளிச்சங்கள் அப்படியே நிற்கின்றன. ஆகவே இப்படிக் கரும்பின்னணியில் ஒளியை விழவைக்கும் பழைய இருள்பாணி ஓவியங்கள் பலவற்றில் இன்று காணும் கடுமையான கறுப்பு வெள்ளை, வரைந்தவர் விட்டுச்சென்றதைவிடக் கூடுதல்.

கறுப்பிலும் சிக்கல் உண்டு. எலும்புக்கரி எண்ணெயை நிறைய உறிஞ்சும், மெல்லவே காயும். அது காயுமுன் விரைவில் காயும் ஈய வெள்ளையை மேலே பூசினால், அடி அசைய மேல்பூச்சு பிளந்து முதலைத்தோல்போல் வெடிக்கும்.

மனிதக் கை செய்த சேதம் தனி. நைந்த துணிக்குப் பின்னால் புதுத்துணி ஒட்டிச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தும் பழைய வழக்கம், மேடாக நின்ற வெள்ளைத் தூரிகைத் தடங்களை நசுக்கித் தட்டையாக்கிவிட்டது. அந்த மேடுகளை மீட்க வழியே இல்லை.